வீட்டுக் கொம்பியூட்டரில் லினக்ஸ்: வன்னிக்குள் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் 2016 இலிருந்து லினக்ஸ்தான் ஓடுகிறது. மனைவி கணக்கு எழுதுவது, மகள் படிப்பது, நான் வேலை செய்வது எல்லாம் அதில்தான். இது தெரிந்து பரந்தன், முறிகண்டி, மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று பல பக்கமிருந்தும் ஆட்கள் லப்டொப்பைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு வருகிறார்கள். கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒன்றுதான். வாயால் சொன்னது வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடும் என்பதால் எழுதி வைக்கிறேன். ஆறுதலாக வாசியுங்கள்.

லினக்ஸ் என்றால் என்ன? அது கொம்பியூட்டர் படித்த ஆட்களுக்கானது இல்லையா?

உங்கள் கையில் அன்ட்ரொயிட் போன் இருந்தால் நீங்கள் ஏற்கெனவே லினக்ஸ் பாவிக்கிறீர்கள். அன்ட்ரொயிட்டின் உள்ளே இருக்கும் கரு, அதாவது இயந்திரத்தையும் மென்பொருளையும் இணைக்கும் அடிப்படைப் பகுதி, லினக்ஸ்தான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'பணிசெயல் முறைமை' என்று பிள்ளைகள் படிக்கிறார்களே, கொம்பியூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள், அதில் விண்டோஸ் ஒன்று, லினக்ஸ் இன்னொன்று.

1983 இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் க்னூ என்ற திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை யாரும் பாவிக்கலாம், அதன் உள்ளே எழுதியிருப்பதை வாசிக்கலாம், மாற்றலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம் என்பது அதன் அடிப்படை. 1991 இல் பின்லாந்தில் பல்கலைக்கழக மாணவனாக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு கருவை எழுதி வெளியே விட்டார். இரண்டும் சேர்ந்து, பிறகு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் கைவைத்து வளர்த்ததுதான் இன்று நாம் போடும் லினக்ஸ். காசு இல்லை. களவும் இல்லை. இந்த இரண்டாவதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. மகளுக்குக் கொம்பியூட்டரைக் கொடுக்கும்போது, உடைத்த சாவி போட்டு ஓடும் ஒன்றை நான் கொடுக்கவில்லை.

விண்டோஸ் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, அண்ணை. ஏன் மாற்றவேண்டும்?

உங்களிடம் இருப்பது புதிய இயந்திரம், காசு கொடுத்த விண்டோஸ் 11, பிரச்சினை இல்லாமல் ஓடுகிறது என்றால் மாற்றவேண்டாம். நான் வற்புறுத்த மாட்டேன்.

ஆனால் என்னிடம் வருவதில் அநேகம் விண்டோஸ் 10. அதற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. பதிவு செய்தவர்களுக்கு ஒரு வருட நீட்டிப்பு உண்டு, அதுவும் 2026 ஒக்டோபர் வரைதான். சரி, விண்டோஸ் 11 க்குப் போகலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசரும் வேண்டும். அதாவது 2017 க்கு முந்திய இயந்திரங்கள் பெரும்பாலும் வெளியே. வேலை செய்யும் ஒரு பொருளை, அதற்கு ஓட மென்பொருள் இல்லை என்ற காரணத்துக்காக மூலையில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே ஒரு குடும்பம் லப்டொப் ஒன்று வாங்கக் காசு சேர்ப்பதற்கு ஒரு போகம் நெல் விளைந்து விற்க வேண்டியிருக்கிறது.

என்னுடையது மிகவும் பழையது. ஓடுமா?

தொண்ணூறுகளில் பற்றரி வராமல் தடுத்திருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோச் செய்தி கேட்ட ஊர் இது. பழையதை ஓடவைப்பது எங்களுக்குப் புதிதில்லை. ஆனாலும் எல்லை உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன்.

ரேம் 4 ஜிபி இருந்தால் நல்லது. 2 ஜிபியிலும் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையின் எக்ஸ்எப்சிஈ என்ற இலேசான பதிப்பு எழும்பும், எழுத்து வேலை செய்யும். ஆனால் பிரவுசரில் நாலைந்து பக்கம் திறந்தவுடன் திணறும். ரேமைத் தின்பது லினக்ஸ் இல்லை, இன்றைய இணையப் பக்கங்கள். அதை எந்த லினக்ஸாலும் மாற்ற முடியாது. புரொசசர் 64 பிட்டாக இருக்கவேண்டும். லினக்ஸ் மின்ட் 2020 இலேயே 32 பிட்டை விட்டுவிட்டது. டெபியன் என்ற இன்னொரு வகையும் 2025 இல் வந்த 13 ஆம் பதிப்பில் 32 பிட் கொம்பியூட்டருக்கான நிறுவியை நிறுத்திவிட்டது. அவ்வளவு பழையது என்றால் அதில் மினக்கெடவேண்டாம்.

ஒரு செலவு மட்டும் செய்யச் சொல்வேன். சுழலும் வன்தட்டைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகம் இல்லாத, வேகமான எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். 2012, 2013 காலத்து லப்டொப்பில் இதைச் செய்து பார்த்தால், ரேமைக் கூட்டாமலே வேறு இயந்திரம்போல இருக்கும். கழற்றியபோதே உள்ளே மின்விசிறியைத் துடையுங்கள். எங்கள் செம்புழுதி அதில் கம்பளிபோலப் படிந்திருக்கும். டெஸ்க்டொப் என்றால் பல்லி முட்டையும் இருக்கும். மென்பொருளில் பிழை என்று கொண்டு வந்த ஒரு பெட்டியில், மின்வழங்கிக்குள் காய்ந்த பல்லி ஒன்று கிடந்தது. அதை எடுத்தபின் இயந்திரம் திடீரென்று நிற்பதும் நின்றது.

எத்தனையோ லினக்ஸ் இருக்கிறதாம். எதைப் போடுவது?

லினக்ஸ் மின்ட். முதல் தடவை என்றால் இதற்குமேல் யோசிக்கவேண்டாம். கீழே இடது மூலையில் மெனு, அதில் எல்லாம். விண்டோஸ் பழகிய கண்ணுக்குத் தடுமாற்றம் வராது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். புதிய இயந்திரத்துக்குச் சினமன் பதிப்பு, பழையதுக்கு எக்ஸ்எப்சிஈ பதிப்பு. உபுண்டு, டெபியன், பெடோரா எல்லாம் நல்லவைதான், பிறகு ஆசை வந்தால் பாருங்கள்.

பழைய படங்கள் அழிந்துபோகுமா?

கவனமில்லாமல் செய்தால் அழியும். இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் நேரம் எடுப்பேன்.

ஒரு வீட்டுக்குப் போனேன். பழைய டெஸ்க்டொப், வைரஸ் நிறைந்து எழும்புவதே கஷ்டம். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடுவம்" என்று மகன் சொன்னான். நான் பென் ட்ரைவைச் செருகும்போது, குசினி வாசலில் நின்ற தாய், "தம்பி, அதுக்குள்ள பெரியவன்ர படம் கிடக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தேடினோம். டி ட்ரைவில், பெயர் வைக்காத ஒரு கோப்புறைக்குள், இன்னொரு கோப்புறைக்குள் இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பிய கலியாணவீட்டுப் படம் ஒன்றிலிருந்து வெட்டி எடுத்த முகம், தபால் முத்திரை அளவு. 2009 இல் அவர்கள் வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது ஆல்பம் எதையும் எடுக்கவில்லை. இந்தப் படத்தை அந்த வீட்டில் வேறு எங்கும் வைத்திருக்கவில்லை.

வன்னியில் பழைய வன்தட்டுகளுக்குள் இப்படி என்ன கிடக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. சில நேரம் வீட்டுக்காரருக்கே தெரியாது. அதனால் என் ஒழுங்கு இதுதான். முதலில் லினக்ஸைப் பென் ட்ரைவிலிருந்தே எழுப்புவேன். அப்போது வன்தட்டில் எதுவும் எழுதப்படாது, விண்டோஸ் எழும்பாத இயந்திரத்தில்கூட உள்ளே இருக்கும் கோப்புகளைப் பார்க்கலாம். வீட்டுக்காரரைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து காட்டுவேன். வேண்டியதை வெளி வன்தட்டு ஒன்றுக்கும் பென் ட்ரைவ் ஒன்றுக்கும், இரண்டு இடத்துக்கும் பிரதி எடுப்பேன். பிரதி எடுத்தால் போதாது. அந்தப் பிரதியைத் திறந்து படம் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். பிறகுதான் நிறுவுவது. வீட்டில் வயதானவர் இருந்தால் அவரிடமும் ஒரு தடவை கேளுங்கள், பிள்ளைகளுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, எப்படிப் போடுவது?

மின்டின் தளத்திலிருந்து, மின்ட் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கவேண்டும், ஏறக்குறைய 3 ஜிபி வரும். விண்டோஸில் ரூபஸ் என்ற சிறிய மென்பொருளால் அதை 8 ஜிபி பென் ட்ரைவ் ஒன்றில் எழுதுங்கள். பென் ட்ரைவில் இருந்தது எல்லாம் அழியும், அதையும் கவனியுங்கள். பிறகு கொம்பியூட்டரை நிறுத்தி, பென் ட்ரைவைச் செருகி, திறக்கும்போது எஃப்12 விசையை விட்டுவிட்டுத் தட்டவேண்டும். சில லப்டொப்பில் அது எஃப்9, சிலதில் எஸ்கேப். வரும் பட்டியலில் பென் ட்ரைவைத் தெரிவு செய்தால் மின்ட் எழும்பும்.

உடனே நிறுவவேண்டாம். அப்படியே ஒரு மணித்தியாலம் பாவித்துப் பாருங்கள். சத்தம் வருகிறதா, வைபை பிடிக்கிறதா, கமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் எழும்புகிறதா? எல்லாம் சரியென்றால் திரையில் இருக்கும் நிறுவும் சின்னத்தை அழுத்துங்கள். வீடியோ, பாட்டு ஓடுவதற்கான கோடெக் போடவா என்று ஒரு இடத்தில் கேட்கும், அதைத் தெரிவு செய்யுங்கள். விண்டோஸையும் வைத்துக்கொள்வதா, முழுக்க அழிப்பதா என்று கேட்கும் திரைதான் ஆபத்தான இடம். அந்தத் திரையை இரண்டு தடவை வாசிக்காமல் அடுத்த பொத்தானை அழுத்தவேண்டாம். புதிய விண்டோஸ் லப்டொப் என்றால் வன்தட்டு மறைகுறியாக்கப்பட்டிருக்கலாம், அதாவது சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டியிருக்கலாம். அதன் மீட்புச் சாவியை முதலே எடுத்து எழுதி வையுங்கள்.

இரண்டையும் வைத்தேன். இப்போது விண்டோஸில் நேரம் பிழையாகக் காட்டுகிறது!

ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்கு நிற்கிறதா? காலை பத்து மணிக்கு நாலரை என்று காட்டுகிறதா? அது பழுதில்லை. கொம்பியூட்டருக்குள் பற்றரியில் ஓடும் ஒரு மணிக்கூடு இருக்கிறது. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இலங்கை நேரத்துக்கும் பொது நேரத்துக்கும் இடைவெளி ஐந்தரை மணித்தியாலம், அதனால்தான் எங்கள் ஊரில் எப்போதும் இதே கணக்கில் பிழைக்கும். லினக்ஸையே உள்ளூர் நேரம் வைக்கச் சொல்லலாம், ஒரு வரிக் கட்டளைதான், வந்தால் போட்டுத் தருகிறேன்.

இன்னொன்று. லினக்ஸில் விண்டோஸ் பகுதியைத் திறந்தால் வாசிக்க மட்டும் விட்டு எழுத விடாமல் இருந்தால், விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியை நிறுத்துங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை.

எங்கள் பக்கம் வயர் இணையம் இல்லை. போன் டேட்டாதான். சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம். நான் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். யூஎஸ்பி டொங்கிள்கள் பெரும்பாலும் செருகியவுடன் தெரியும். அதைவிடச் சுகம் போனை வயரால் இணைப்பது. போனின் ஹொட்ஸ்பொட் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங் என்று இருக்கும். அதைப் போட்டால் லினக்ஸ் உடனே இணையத்தைப் பிடித்துக்கொள்ளும், ட்ரைவர் ஒன்றும் வேண்டாம். சில லப்டொப்பில் முதல் நாள் வைபை வேலை செய்யாது. அப்போது இந்த வழியால் இணையத்துக்கு வந்து, ட்ரைவர் மனேஜரைத் திறந்தால் தேவையான வைபை ட்ரைவரை அதுவே காட்டும்.

டேட்டாவைச் சேமிக்க: அப்டேட் மனேஜர் எதை இறக்கவேண்டும், எவ்வளவு என்று முதலே காட்டும். அது உங்களைக் கேட்காமல் இறக்கி நடுவில் நிறுத்திவிடாது. இரவு டேட்டா இருக்கும் நேரம் பார்த்து அழுத்துங்கள். பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தெரிவு செய்தாலும் போதும், ஆனால் அவற்றை விடவேண்டாம். புதிய மென்பொருள் நிறுவும்போது ஒரே பெயரில் இரண்டு வகை தெரியலாம். பிளாட்பக் என்று போட்டிருப்பதைத் தவிருங்கள். சிறிய மென்பொருளுக்கே கூடவே சில நூறு எம்பி இழுக்கும். முறைமைப் பொதி என்று இருப்பது சிறியது.

தமிழில் எப்படி எழுதுவது? என்னிடம் பாமினியில் எழுதிய கோப்புகள் நிறைய இருக்கின்றன.

எனக்குப் பிடித்த கேள்வி. லினக்ஸில் தமிழ் வாசிக்க எதுவும் செய்யத் தேவையில்லை, எழுத்துரு கூடவே வருகிறது. எழுதுவதற்கு மென்பொருள் மனேஜரில் ஐபஸ் எம்17என் (ibus-m17n) என்ற பொதியைத் தேடி நிறுவுங்கள். உள்ளீட்டு முறை என்ற அமைப்பில் ஐபஸைத் தெரிவு செய்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். ஐபஸின் அமைப்பில் தமிழைச் சேர்க்கும்போது பல சாவிப்பலகைகள் வரும்: தமிழ்99, ஒலிப்பு முறை, தட்டச்சு முறை, அப்புறம் இலங்கையில் பழக்கமான இரங்கநாதன். ஆங்கில எழுத்தால் 'அம்மா' என்று ஒலியைத் தட்டிப் பழகியவருக்கு ஒலிப்பு முறை. புதிதாகப் பழகும் பிள்ளைக்குத் தமிழ்99 கொடுங்கள், விரல் கெதியாகப் பழகும். பாமினியில் பழகிய கைகளுக்கு இரங்கநாதன் கிட்ட இருக்கும். எழுத்துகளின் இடம் பெரும்பாலும் பழைய தட்டச்சு இயந்திரத்தின் வழியில்தான், சில நாள் பழகவேண்டும்.

பாமினி பற்றி வடிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கே பள்ளிக்கூடம், கோயில், சங்கம் என்று எல்லா இடத்துப் பழைய ஆவணமும் அதில்தான் கிடக்கிறது. பாமினி உண்மையில் தமிழ் எழுத்து இல்லை. கொம்பியூட்டருக்கு அது ஆங்கில எழுத்து, நாங்கள் அதற்குத் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறோம். 'அம்மா' என்று நீங்கள் பாமினியில் எழுதியது கோப்புக்குள் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்றுதான் கிடக்கிறது. பாமினி எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் திறந்தால் அந்த ஆங்கில எழுத்துகள்தான் தெரியும், கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்படுவீர்கள். கெடவில்லை. பழைய கொம்பியூட்டரிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பைக் கொண்டு வந்து இரட்டைச் சொடுக்குப் போட்டு நிறுவுங்கள், மின்டோடு வரும் ஓபிஸ் மென்பொருளான லிப்ரே ஓபிஸில் பழையபடி தெரியும்.

ஆனால் அத்தோடு நிற்கவேண்டாம். பாமினியில் இருப்பதைத் தேட முடியாது, வட்ஸ்அப்பில் ஒட்ட முடியாது. பாமினியை, எல்லா இயந்திரமும் தமிழாகவே அறியும் பொது முறையான யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. சங்கப் பதிவோ ஊர் வரலாறோ எதுவாக இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வையுங்கள். ஒரு கோயில் பரிபாலன சபையின் பழைய கணக்கறிக்கையை நானும் மகளும் இரண்டு வார இறுதிகளில் மாற்றி முடித்தோம். இப்போது ஒரு பெயரைத் தட்டினால் அந்த ஆள் எந்த வருடம் உபயம் செய்தார் என்று வருகிறது.

மாமா பிரான்சிலிருந்து கொண்டு வந்த லப்டொப். எழுத்தெல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது.

அது பிரெஞ்சுச் சாவிப்பலகை. நாங்கள் பழகியதில் கியூ இருக்கும் இடத்தில் அதில் ஏ இருக்கும், எண்களுக்கு ஷிப்ட் பிடிக்கவேண்டும். ஜெர்மனி, சுவிஸ் என்றால் வையும் இசட்டும் இடம் மாறியிருக்கும். லினக்ஸ் நிறுவும்போது எந்தச் சாவிப்பலகை என்று கேட்கும். விசைமேல் அச்சடித்திருப்பதைப் பார்த்து அடிப்பவர் என்றால் பிரெஞ்சு என்றே கொடுங்கள். பார்க்காமல் அடிப்பவர் என்றால் ஆங்கிலம் என்று கொடுத்து, விசைமேல் ஸ்டிக்கர் ஒட்டலாம். எதைக் கொடுத்தாலும் கடவுச்சொல்லை வைப்பதற்கு முன் அங்கேயே இருக்கும் பெட்டியில் தட்டிப் பாருங்கள். ஒரு அமைப்பில் வைத்த கடவுச்சொல் இன்னொரு அமைப்பில் வேறாகிவிடும், பிறகு வாசலிலேயே நிற்கவேண்டி வரும். திரை பிரெஞ்சில் இருந்தாலும் கவலையில்லை, லினக்ஸில் ஆங்கிலமோ தமிழோ வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளை சாதாரண தரத்தில் ஐசிரி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) எடுக்கிறாள். லினக்ஸ் போட்டால் படிப்புக்கு இடைஞ்சல் இல்லையா?

இடைஞ்சல் இல்லை, வசதி. நிரல் எழுதும் மொழியாகச் சாதாரண தரத்துக்குப் பஸ்கால் படிக்கிறார்கள், உயர்தரத்துக்குப் பைதன். பிரீ பஸ்கால் இலவசமாக நிறுவலாம், பைதன் மின்டிலேயே இருக்கிறது. உயர்தரத்துக்குத் தேவையான மைஎஸ்கியூஎல், பிஎச்பி எல்லாம் வளர்ந்ததே லினக்ஸ் பக்கத்தில்தான்.

ஒரே ஒரு கவனம். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் மைக்ரோசொப்ட் ஓபிஸ் இருந்தால், பிள்ளை அதிலும் கை பழகவேண்டும். அட்டவணைச் செயலியில் சூத்திரங்கள் ஒன்றுதான், பொத்தான்களின் இடம்தான் வேறு. கடந்தகால வினாத்தாள், ஸூம் வகுப்பு, யூரியூப் பாடம், நூலகம் தளத்தில் இருக்கும் ஈழத்துப் பழைய புத்தகங்கள், எல்லாம் ஓடும். ஸூமுக்கு லினக்ஸ் பதிப்பு உண்டு, வட்ஸ்அப்பைப் பிரவுசரில் திறக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகொம்ப்ரி போட்டுக் கொடுங்கள். எண், எழுத்து, மவுஸ் பழக்கம் எல்லாம் விளையாட்டாகவே வரும், விளம்பரம் ஒன்றும் இல்லை.

நான் செய்யும் கடிதத்தைப் பிரதேச செயலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ திறப்பார்களா?

லிப்ரே ஓபிஸில் எழுதி, சேமிக்கும்போது வேர்ட் வகையைத் தெரிவு செய்தால் திறக்கும். சிக்கலான அட்டவணை, பெட்டி, படம் நிறைந்த ஆவணம் என்றால் கொஞ்சம் இடம் நகரும், அதை மறைக்க மாட்டேன். மற்றவர் திருத்தத் தேவையில்லாத எதையும் பிடிஎப்பாக அனுப்புங்கள், அது அசையாது. தமிழில் எழுதினால் யூனிகோட்.

வைரஸ் வராதா?

வரவே வராது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் எங்கள் ஊரில் நாளும் படும் பாடு ஒன்று இருக்கிறது, அது நின்றுவிடும். கொமினிகேசன் கடையில் போட்டோ கொப்பி எடுக்கப் பென் ட்ரைவைக் கொடுத்து வாங்கி வருவீர்கள். வீட்டில் திறந்தால் எல்லாக் கோப்புறையும் குறுக்குவழியாக மாறியிருக்கும். அதை அழுத்தியவுடன் வைரஸ் உங்கள் இயந்திரத்துக்குள் ஏறும். அதே பென் ட்ரைவை லினக்ஸில் செருகுங்கள். அந்தக் குறுக்குவழிகள் உயிரில்லாத கோப்புகளாகக் கிடக்கும். வைரஸ் ஒளித்து வைத்த உங்கள் உண்மையான கோப்புறை, பெயரே இல்லாததுபோலப் பக்கத்திலேயே தெரியும். விண்டோஸ் மறைத்துவை என்று போட்ட குறியை லினக்ஸ் பொருட்படுத்துவதில்லை. உங்களுடையதை வெளியே எடுத்துவிட்டு மிச்சத்தை அழியுங்கள். என் மகள் பக்கத்து வீட்டு ரீச்சரின் பென் ட்ரைவை இப்படித்தான் துடைத்துக் கொடுக்கிறாள், ஐந்து நிமிட வேலை.

வைரஸ் இல்லாவிட்டாலும் ஏமாற்று உண்டு. பொய்யான வங்கிச் செய்தி, பரிசு விழுந்தது என்ற இணைப்பு, இவற்றிலிருந்து எந்தப் பணிசெயல் முறைமையும் காப்பாற்றாது.

கரண்ட் அடிக்கடி போகிறது. கெட்டுவிடாதா?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தது. அந்த மாதங்களில் எங்கள் டெஸ்க்டொப் எத்தனை தடவை பொத்தென்று நின்றிருக்கும் என்று கணக்கில்லை. லினக்ஸ் பாவிக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறை, என்ன எழுதப்போகிறேன் என்று முதலில் ஒரு நாட்குறிப்பில் பதிந்துவிட்டுத்தான் எழுதும். இடையில் நின்றால் அடுத்த தடவை எழும்பும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து ஒழுங்கு செய்துகொள்ளும். சேமிக்காத கடிதம் போகலாம், முறைமை அநேகமாக நிற்கும். லிப்ரே ஓபிஸில் தானாகச் சேமிக்கும் நேரத்தை இரண்டு நிமிடமாகக் குறையுங்கள்.

இடிக்கு மென்பொருளில் மருந்தில்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றுங்கள். ரவுட்டரின் வயரையும் சேர்த்துக் கழற்றவேண்டும், பலர் அதை மறந்துதான் இயந்திரத்தைப் பறிகொடுத்தார்கள்.

பிரிண்டர்?

எச்பி என்றால் பெரும்பாலும் செருகியவுடன் ஓடும். எப்சன் பலதும் அப்படியே. சில பழைய சிறிய லேசர் பிரிண்டர்கள் கேப்ட் என்ற சொந்த மொழியில் மட்டும் பேசும், அவற்றை லினக்ஸில் ஓடவைப்பது பெரிய தலையிடி. உங்களிடம் இருப்பது அதுவென்றால் மாறுவதற்கு முன் என்னிடம் கேளுங்கள். புதிதாக வாங்குவதென்றால் லினக்ஸில் ஓடுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எதெல்லாம் ஏலாது?

போட்டோஷொப் ஓடாது. கலியாண ஆல்பம் செய்யும் ஸ்டூடியோக்காரத் தம்பி ஒருவர் வந்தார், நான் அவரைத் திருப்பி அனுப்பினேன். அவருடைய பிழைப்பு அதில் இருக்கிறது. லினக்ஸில் படம் திருத்த இருக்கும் ஜிம்ப் நல்ல மென்பொருள்தான், ஆனால் நாளைக்குக் கொடுக்கவேண்டிய ஆல்பத்தை வைத்துக்கொண்டு பழகக்கூடியது இல்லை. மைக்ரோசொப்ட் ஓபிஸை நேரடியாக நிறுவ முடியாது. கடைக் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும் செய்ததாக இருந்தால் அந்தக் கொம்பியூட்டரைத் தொடவேண்டாம். ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளத்தில் பல விளையாட்டுகள் ஓடும், வலொரண்ட் போன்றவை ஓடாது. பெடியன்களுக்கு இதை முதலே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் சண்டைதான். லப்டொப்பில் விரல்ரேகை வைக்கும் இடமும் சிலதில் வேலை செய்யாது.

கறுப்புத் திரையில் கட்டளை எழுதத் தெரியவேண்டுமா? பழுதானால் யார் பார்ப்பது?

அன்றாடப் பாவனைக்குத் தெரியவேண்டியதில்லை. என் மனைவி இத்தனை வருடத்தில் அதைத் திறந்ததில்லை.

பழுதுக்கு முதல் மருந்து டைம்ஷிப்ட். மின்டிலேயே இருக்கிறது. நிறுவிய அன்றே அதைத் திறந்து, வாரத்துக்கு ஒரு தடவை நிலைப்பதிவு, அதாவது முறைமை அன்று இருந்த நிலையின் பிரதி, எடுக்கும்படி வையுங்கள். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு ஏதாவது குழம்பினால், முந்திய நாளைத் தெரிவு செய்து திருப்பிவிடலாம். அது முறைமையை மட்டும்தான் காக்கும். உங்கள் படங்களையும் கடிதங்களையும் நீங்களாகச் சேர்க்கச் சொல்லாமல் அது தொடாது, அவற்றுக்கு வெளி வன்தட்டுப் பிரதி வேறாக வேண்டும்.

அதற்கும் சரிவராவிட்டால் என்னிடம் வாருங்கள், அல்லது வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் என்னால் ஒன்றும் விளங்கிக்கொள்ள முடியாது. திரையில் வரும் பிழைச் செய்தியைப் போனால் நேராகப் படம் பிடியுங்கள், வரி முழுக்கத் தெரியவேண்டும், கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக என்ன நிறுவினீர்கள், எப்போது கரண்ட் போனது என்பதையும் எழுதுங்கள். நேரில் வந்தால் சார்ஜரையும் கொண்டு வாருங்கள்.